பித்தளை ரீல்

ராக்கம்மா வாசலிலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்த வேகத்தில், மடியில் செருகியிருந்த ரீல் இராசாத்தியின் அடிவயிற்றில் குத்தியது. வலி தாங்காமல் கத்தினாள். புருசனைப் பறிகொடுத்தவள் கத்துகிறாள் என்று சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். ராக்கம்மா மட்டும் கத்தவில்லை. செத்துக் கிடக்கிற சேனாதிபதிக்கு அவள் மூத்த அக்கா. முகத்தை இராசாத்தியின் தோளில் புதைத்துக்கொண்டு, அழுகிற குரலிலேயே கேட்டாள்.

"மடியில என்னடி, இம்புட்டுக் கனமாக் கெடக்கு?"

"சாவி மதினி."

"எந்தக் கோட்டைக்குச் சாவி?"

பதில் சொல்வதற்குள் அடுத்தவள் வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருத்தி கட்டிப்பிடிக்கும்போதும் மடிக்குள் ரீல் அசைந்து 'கிர்ர்' என்றது. ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இராசாத்திக்கு மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

சாவியாவது மண்ணாவது. மீன்பிடிக் கம்பில் மாட்டுகிற பித்தளை ரீல் அது. விடியக்காலையில் அதால்தான் அவள் சேனாதிபதியின் பொட்டில் அடித்தாள். சாவுச் சேதி வந்ததும், கழுவி எங்காவது போட்டுவிடலாம் என்று கையில் எடுத்த நேரம் வாசலில் ஆள்சத்தம் கேட்டது. மடியில் செருகினாள். அதற்கப்புறம் அவளைத் தனியாக விட ஒருத்திக்கும் மனசு வரவில்லை. சாவு வீட்டில் பொண்டாட்டிக்காரி கொல்லைக்குப் போவதென்றாலும் கூட ரெண்டு பேர் வருகிறார்கள்.

வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வில்பட்டிக்கு மேலேயிருந்து பனிமஞ்சு இறங்கி, பூண்டுக் காடெல்லாம் மறைந்து, பந்தல் போட்ட இடம் மட்டும் தெரிந்தது. பாரஸ்ட் வாட்சர் மணியன் வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவனுக்கும் அது நன்றாக வந்தது.

"பத்து மணி இருக்கும். ரோந்து போறேன். ஓடைக்கரையில அண்ணன் குப்புறக் கெடக்காரு, மொகம் தண்ணிக்குள்ள. தலையில துண்டு கட்டுனது கட்டுனபடி இருக்கு. கம்பு பக்கத்துல சீகை மரத்துல சாத்தி இருக்கு. கூடையில நாலு மீனு. பாறை பூரா பாசி. வழுக்கிட்டாரு."

தலையாரியும் வந்து பார்த்துவிட்டு வழுக்கினதுதான் என்று சொல்லிப் போயிருந்தார். சேனாதிபதி செத்ததை ஊர் நம்பியது. முப்பது வருசமாக அந்தப் பாறைகளில் நடந்தவன் வழுக்கினான் என்பதைத்தான் பாதிப்பேர் நம்பவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை.

இராசாத்திக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. மகள் கண்மணியை வடகவுஞ்சியில் கொடுத்திருந்தது. ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று மேலத்தெருவில் ஒரு வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து அவள் அழுவது விட்டு விட்டுக் கேட்டது. தன்னை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டால் அவள் பிரசவத்தை யார் பார்ப்பார்கள் என்பது ஒன்றுதான் காலையிலிருந்து இராசாத்தியின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த ரீலால் வந்த வினை. அப்படித்தான் அவள் ஒன்பது வருசமாக நினைத்திருந்தாள்.

எழுபத்துமூணில், மிஷன் பங்களாவிலிருந்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சேனாதிபதிக்கு ஒரு கம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கில் சிம்புகளை ஒட்டிச் செய்த எட்டரை அடிக் கம்பு. டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு ஓடை காட்டி, கூடை தூக்கி, மீனை ஏமாற்றக் கொக்கியில் இறகால் பொய் ஈ கட்டிக் கொடுப்பதுதான் சேனாதிபதியின் சோலி. அதனால் கம்பின் அருமை அவனுக்குத் தெரியும். ஆனால் கம்போடு ரீல் இல்லை. அதை வாத்தியார் தன் மகனுக்கு எடுத்துக்கொண்டார். கொடைக்கானல் பஜாரில் பழைய சாமான் விற்கிற ஒலியுல்லா பாய் கடைக்கு ரீல் பார்க்கப் புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். இராசாத்தி அன்றைக்குப் புதுச் சேலை கட்டியிருந்தாள்.

ரீல் என்றால் நூலைச் சுற்றிவைக்கிற சக்கரம், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தாள். அவ்வளவு இல்லையாம். நுனிப்பக்கம் நீண்டு தொங்குகிற கம்புக்கு அடிப்பக்கம் எதிர்க்கனம் அது. ரீல் கனம் கூடினால் அடி சாயும், குறைந்தால் நுனி சாயும். எது சாய்ந்தாலும் நாள் முழுக்க வீசுகிறவனுக்கு மணிக்கட்டு போய்விடும். கைப்பிடி முடிகிற இடத்தில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினால் கம்பு தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். அதுதான் சோதனை.

பாய் ரெண்டு ரீலை எடுத்துவைத்தார். ஒன்று பித்தளை, பளபளவென்று, சுற்றினால் கிர்ர் என்று சத்தம் போடுகிறது. இன்னொன்று அலுமினியம், கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லை. சேனாதிபதி பித்தளையை மாட்டி விரலில் வைத்தான். கம்பு அசையாமல் நின்றது. அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"வெத்து ரீல வச்சுப் பாக்காதீங்க," என்றார் பாய். "நூலு ஏறுனா கனம் கூடும்ல. அப்ப அடி சாஞ்சுபோகும். நூலச் சுத்திட்டு வச்சுப் பாருங்க. இந்தக் கறுப்பு ரீலுதான் இதுக்குச் சரியா வரும்."

"பாய் எந்த ஓடையில எறங்கி மீன் புடிச்சீங்க?"

"நான் எங்க புடிச்சேன். கேட்டது, பாத்தது, அதச் சொல்றேன்."

"அப்பச் சும்மா இருங்க."

கடையில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். சேனாதிபதி பித்தளையை வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் நூலைச் சுற்றி விரலில் வைத்தான். பாய் சொன்னபடியே அடி சாய்ந்தது. இராசாத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். அன்றைக்கு விழுந்தது முதல் அடி.

திரும்பக் கொண்டுபோய் மாற்றியிருக்கலாம். தப்பாப் பொறுக்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மீசை உதிர்ந்துவிடுமா என்ன. பாய் கடை இருக்கிற பக்கமே அதற்கப்புறம் அவன் போகவில்லை. ஒன்பது வருசம் அந்தக் கனத்தைப் பிடித்து வீசினான். பொழுது சாய வீட்டுக்கு வந்தால் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கும். இராசாத்தி உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். வலது கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இடது கையால் அடிப்பான். சூடு கூடிப்போச்சு என்பான், சூடு பத்தவில்லை என்பான். கடைவாய்ப் பல் ரெண்டு அப்படிப் போனதுதான். தோள்பட்டை இறங்கி மூன்று மாதம் கை தூக்க முடியவில்லை. கண்மணி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அப்பன் செருப்புச் சத்தம் கேட்டதும் பூண்டுப் பரணில் ஏறிக்கொள்வாள்.

கைவலி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று இராசாத்தி நம்பினாள். நேற்றுப் பஜாருக்குப் பூண்டு கொண்டுபோனவள் ஒரு கூடையை மட்டும் பாய் கடையில் இறக்கினாள். பாய் கூடையை ஓரமாக நகர்த்தினார். உள்ளே போய்த் தகர டப்பாவிலிருந்து அந்தக் கறுப்பு ரீலை எடுத்துவந்து கொடுத்தார்.

"யாருக்கும் குடுக்காமத்தான் வச்சிருந்தேன் தங்கச்சி. நூலு ஏத்திட்டு மாட்டுங்க."

விடியுமுன் எழுந்து, பித்தளையைக் கழற்றி, நூலை மாற்றிச் சுற்றி, கம்பை விரலில் வைத்துப் பார்த்தாள். நின்றது. கிறுக்கச்சி மாதிரி தனக்குத்தானே சிரித்தாள். அவன் எழுந்து வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எவன்டி மாத்தச் சொன்னான்?"

"கை வலிக்குதேன்னுதான்..."

"பாய்கிட்டப் போயி, எம்புருசன் ஒண்ணுந் தெரியாதவன்னு சொல்லிட்டு வந்திருக்க."

முடியைப் பிடித்து இழுத்ததில் அவள் அடுப்பில் போய் விழுந்தாள். சாம்பலுக்குள் முகத்தை வைத்து அமுக்கினான். புரண்டபோது கழுத்தில் காலை வைத்து மிதித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் விளையாட்டுக்கு மிதிக்கவில்லை, இன்றைக்குக் கொல்லத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை தரையில் துழாவி, பித்தளை ரீலைப் பிடித்தது. அவன் காலை வாரிவிட்டு, விழுந்தவன் பொட்டில் ஓங்கி ஒரே போடு போட்டாள்.

அவன் திரும்ப அடிக்கவில்லை. உட்கார்ந்து கையில் ரத்தத்தைப் பார்த்தான். முகத்தைக் கழுவினான். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூடையையும் கம்பையும் எடுத்துக்கொண்டு, கறுப்பு ரீல் மாட்டினது மாட்டினபடி, ஓடைக்குப் போனான்.

"எண்ணெ அரப்பு வைக்க வாங்க," என்று சாவு வீட்டு வாசலில் கூப்பிட்டார்கள்.

நாலு கம்பு நட்டு வேட்டி கட்டி மறைத்து, உள்ளே பெஞ்சில் உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உச்சியில் எண்ணெயும் அரப்பும் தொட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். இராசாத்தியை உள்ளே கால்மாட்டில் நிறுத்தியிருந்தார்கள். முதலில் அக்காக்காரி. ராக்கம்மா தம்பியின் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். மூன்று விரலால் எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தாள். கை இறங்கி நெற்றிக்கு வந்தது, பொட்டுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. விரல் மெதுவாக வளைந்து போய்த் திரும்பி வந்தது.

"கல்லு இப்படி வளைச்சா வெட்டும்?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

இராசாத்தி மடியைக் கையால் மூடிக்கொண்டாள். அந்த நேரம் வெளியே பெரிய கூச்சல். சேனாதிபதியின் தம்பி மாடசாமியின் குரல்.

"இது எங்கண்ணன் ரீலு இல்லையே. பித்தளை ரீலு எங்க? யாரு மாத்துனது?"

வேட்டி இடுக்கு வழியாக இராசாத்தி பார்த்தாள். மணியன் கொண்டுவந்து சாத்திய கம்பு மாடசாமியின் கையில் இருந்தது. அவனும் அண்ணன் செய்த சோலியையே செய்கிறவன். எதிரே ஒலியுல்லா பாய், கையில் மாலையோடு. கேள்விப்பட்டு அப்போதுதான் மலைப்பாதையில் நடந்து வந்து சேர்ந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"இது உங்கடைச் சரக்கு. யாருக்குக் குடுத்தீரு?"

பாய் ஒரு கணம் வீட்டுப் பக்கம் பார்த்தார். "சேனாதிபதிதான் வந்து வாங்கிட்டுப் போனாரு."

"பொய். எங்கண்ணன் ஒம்பது வருசமா உம்ம கடைப்பக்கம் எட்டிக்கூடப் பாக்கல." மாடசாமி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "கனத்த ரீலுக்குப் பழகுன கை. சொத்தை ரீலத் தலையில கட்டிவிட்டீரு. வீசுன வேகத்துக்குக் கை எகிறி, ஆளைத் தூக்கிப் பாறையில அடிச்சிருக்கு. நீருதான் கொன்னது."

மீன் பிடிக்கிற ஆட்கள் நாலைந்து பேர் ஆமாமென்றார்கள். அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. மாடசாமி கன்னத்தில் அறைந்தான். பாயின் குல்லா தெறித்துச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரை முதுகில் மிதித்தான். அவர் எழுந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் மாலையில் சொட்டியது. விறகு பிளக்கிற கோடாரி பந்தக்கால் ஓரம் கிடந்தது. அதன் காம்பைப் பிடித்துத் தூக்கினான் மாடசாமி.

"சொல்லு, யாருக்குக் குடுத்த?"

"அவருக்குத்தான்."

இனி அந்த மனுசன் செத்தாலும் சொல்லமாட்டார் என்று இராசாத்திக்குத் தெரிந்துபோயிற்று. மேலத்தெருவிலிருந்து கண்மணி அழுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தலையாரி சொன்னதே நிலைக்கும். ரெண்டு மாதத்தில் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. பாய் மேல் ஓங்கின கோடாரிக் காம்பைப் பார்த்ததும் சாம்பல் வாசம் மூக்கில் ஏறியது.

"மாடசாமி," என்றாள் மறைப்புக்குள்ளிருந்து. "அவர இங்க கூட்டிட்டு வா. ஒங்கண்ணன் மொகத்தத் தொட்டுச் சொல்லட்டும்."

அது அவனுக்குப் பிடித்திருந்தது. கோடாரியைப் போட்டுவிட்டு பாயைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். இன்னொரு கையில் கம்பு. உள்ளே இப்போது நாலு பேர், பெஞ்சில் ஒருத்தன்.

அவன் எடுத்துப்போன பிறகு இப்போதுதான் இராசாத்தி கம்பைக் கிட்டத்தில் பார்த்தாள். நூலை முழுக்கச் சுற்றி, ஈக் கொக்கியைக் கைப்பிடிக்கு மேலிருந்த வளையத்தில் மாட்டியிருந்தது. நாள் முடிந்து கிளம்பும்போது மட்டும்தான் அவன் அப்படி மாட்டுவான். தனியாகப் போகிற நாளில் ஒரு மீனுக்கு மேல் அவனுக்குக் கிடைத்ததில்லை. இன்றைக்கு நாலு. படுபாவி, அந்தக் கறுப்பு ரீலை வைத்துக்கொண்டே நாலு பிடித்திருக்கிறான். பிடித்து முடித்து, மரத்தில் சாத்திவிட்டு, தலை சுற்றித் தண்ணிக்குக் குனிந்திருக்கிறான். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடக்க முடியவில்லை, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"இந்த ரீலு ஒண்ணும் பண்ணல," என்றாள். "மீன் புடிச்சு முடிச்சுட்டாரு. கொக்கியப் பாரு, வளையத்துல கெடக்கு."

மாடசாமி பார்த்தான். மீன்காரன்தானே, பார்த்ததும் புரிந்தது.

"அப்புறம் எப்படி?"

இராசாத்தி மடிக்குள் கையை விட்டாள். பித்தளை ரீலை எடுத்துச் சேனாதிபதியின் பொட்டில் வைத்தாள். விளிம்பு காயத்துக்குள் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது.

"நாந்தான் வாங்கியாந்து மாத்துனேன். அதுக்கு என்னக் கழுத்துல மிதிச்சாரு. நான் இதால அடிச்சேன்."

கழுத்திலிருந்து சேலையை விலக்கிக் காட்டினாள். மிதித்த காலின் தடம் கன்றிப்போயிருந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராக்கம்மா ஒரு எட்டு முன்னால் வந்து இராசாத்தியை ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்தது. இன்னொரு முறை கையை ஓங்கினாள், அது இறங்கவில்லை.

"கொலை அக்கா இது," என்றான் மாடசாமி. "நான் போலீசுக்குப் போறேன்."

ராக்கம்மா முக்காட்டைத் தள்ளினாள். இடது காதில் தண்டட்டி தோள்வரை தொங்கியது. வலது காது நடுவில் பிய்ந்து ரெண்டு கயிறாகத் தொங்கியது. கிணற்று ராட்டினத்தில் மாட்டிக்கொண்டது என்றுதான் முப்பத்துரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பிய்த்தபோது சேனாதிபதிக்குப் பதினெட்டு வயசு. கம்பும் கிடையாது, ரீலும் கிடையாது, கையில் ஒரு வலியும் கிடையாது. எட்டு வயசு மாடசாமி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவன் அந்தக் காதைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். இராசாத்தியும் பார்த்தாள். ரீலை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று இத்தனை வருசம் இருந்தோமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

"மேலத்தெருவுல ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு ஒக்காந்திருக்கா," என்றாள் ராக்கம்மா. "அப்பன் போயிட்டான். ஆத்தாளையும் இல்லாமப் பண்ணணுமா? என் தம்பி வழுக்கி விழுந்தான். பாய், நீங்க என்ன பாத்தீங்க?"

"நான் மாலை போட வந்தேன்மா," என்றார் பாய்.

"போடுங்க."

அவர் ரத்தம் பட்ட பூக்களை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மாலையைப் பெஞ்சின் தலைமாட்டில் வைத்தார். ராக்கம்மா காயத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினாள். நீர் ஊற்றினார்கள். கோடி வேட்டியைக் கிழித்துப் பொட்டு மறையத் தலைக்கு உருமா கட்டினாள். பிறகு இராசாத்தியின் கையிலிருந்த பித்தளை ரீலைப் பிடுங்கி, சேனாதிபதியின் வலது கைக்குள் வைத்து, கோடியை இழுத்து மூடினாள்.

"அவன் பொறுக்குனது. அவனே கொண்டுபோகட்டும்."

வெளியே வந்து, "வெரசா எடுங்க, பொழுது போகுது," என்றாள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. இராசாத்தியைப் பந்தக்கால் ஓரம் நிறுத்தியிருந்தார்கள். பாய் சேற்றிலிருந்து குல்லாவை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். மாடசாமி முன்பக்கம் வலது தோளில் பாடையைத் தாங்கினான். மஞ்சு மூடின பாதையில் இறங்கும்போது பாடை அவன் பக்கம் சாய்ந்தது. கோடித்துணிக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

தூக்கிப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடசாமி ஒரு எட்டு நின்றான். பிறகு தோளைக் கொஞ்சம் உயர்த்தி, பாடையைச் சமன் பண்ணிக்கொண்டு, நடந்தான்.